தார்ப்பாய்க்காரர் வீட்டுப் போர்வை

போர்வை கிழிந்து போனது. கிழித்தது நான்தான். நட்டநடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி.

நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, தெரியும். ஆனால் மடியில் அந்தக் கம்பளிப் போர்வைக் கவரை வைத்துக்கொண்டு பஸ் ஏறினதிலிருந்து நாலு தரம் தடவிப் பார்த்துவிட்டீர்கள். மேட்டுப்பாளையம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஜன்னலைச் சாத்துங்கள் தம்பி, காது அடைக்கிறது. ஆங், அப்படித்தான்.

எனக்குச் சங்ககிரி. லாரி ஊர். நாற்பத்தொரு வருஷம் தார்ப்பாய் தைத்தேன். லாரிக்கு மேலே போட்டுக் கயிறு இழுத்துக் கட்டுவார்களே, அது. சிமெண்டு லோடோ சர்க்கரை லோடோ, என் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சொட்டு இறங்காது. இறங்கினால் திருப்பிக் கொண்டு வா என்பேன். ஒருத்தனும் கொண்டு வந்ததில்லை. தையல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று சொல்ல வந்தேன். அவ்வளவுதான்.

போர்வை என் வீட்டுக்காரி தைக்க ஆரம்பித்தது. அது வேறு மாதிரி வேலை. பழைய நூல் சேலைகள். துவைத்துத் துவைத்து, விளக்குக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற பதத்துக்கு வந்தவை. அதை நாலாக அடுக்கி, மேலே கலர் கலராகத் துண்டு வைத்து, முழுக்கக் கையாலேயே ஓட்டுத் தையல். ஒவ்வொரு தையலும் அரிசி அளவு. மகள் வசந்தாமணி ஒன்பதாவது படிக்கும்போது இவள் தொடங்கினாள். கல்யாணத்தில் சீரோடு வைத்துக் கொடுக்க. "கட்டில் பீரோ எல்லாரும் குடுக்கறாங்க. இது எம் கைவேலை" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கந்தல் என்றுதான் சொன்னேன்.

மகள் ஒரு ஜாக்கெட் டெய்லரைக் கட்டிக்கொண்டாள். திருமூர்த்தி என்று பேர். கோத்தகிரியில் கடை. நானும் தையல்காரன் அவனும் தையல்காரன், பொருத்தம்தானே என்று ஒருத்தர் சொன்னார். அவரோடு நான் இன்றைக்கும் பேசுவதில்லை. நான் கித்தான் தைக்கிறவன். அவன் பொம்பளைகளுக்கு ரவிக்கை தைக்கிறவன். கழுத்தில் டேப்பு, வாயில் குண்டூசி. ஆம்பளை செய்கிற வேலையா அது?

கல்யாணத்துக்குப் போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாலி கட்டுகிறவரைக்கும் நின்றேன். சாப்பிடவில்லை. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இந்த மலை ஏறவில்லை. வீட்டுக்காரியையும் விடவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் மகள் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். போதாதா?

அந்தக் கல்யாணத்தோடு இவள் போர்வையைச் சுருட்டி உரச்சாக்கில் போட்டு மேலே அட்டாலிப் பரணில் ஏற்றிவிட்டாள். பாதிக்கு மேல் தைத்தாயிற்று. இன்னும் ஒரு கை வேலை. ஏன் நிறுத்திவிட்டாய் என்று ஒருநாள் கேட்டேன். "முடிச்சு யாருக்குக் குடுக்க?" என்றாள். சோம்பல். வயசானால் வந்துவிடும்.

கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வளைவில் டிரைவர் ஒடிப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் சொம்போடு விழுந்தாள். பக்கவாதம். காலுக்கு உயிர் திரும்பிவிட்டது, கொஞ்சம் இழுத்து நடப்பாள். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்று நினைத்த நாள் உண்டு, பொய் சொல்லக் கூடாது. வலது கைதான் போனது. தோளிலிருந்து தொங்கும். அவ்வளவுதான் அது.

நான் பார்த்துக்கொண்டேன். மூன்று வேளையும் நானே பிசைந்து நானே ஊட்டினேன். முதல் வாரம் இடது கையைத் தட்டில் வைத்தாள். தட்டை நகர்த்திவிட்டேன். இடது கையால் சோறு தின்கிறதா? அந்த அசிங்கம் என் வீட்டில் நடக்காது. நான் எதற்கு இருக்கிறேன்?

"ஒரு ஸ்பூன் வாங்கிக் குடுங்க" என்றாள்.

"ஸ்பூனைப் புடிக்கிறதும் அந்தக் கைதானே?"

அதற்கப்புறம் கேட்கவில்லை. விளக்கேற்ற, பொட்டு வைக்க, பக்கத்து வீட்டுக்குக் குழம்புக் கிண்ணம் நீட்ட, எதற்கும் அந்தக் கையை நான் விடவில்லை. தலைகூட நான்தான் வாரிப் பின்னிவிட்டேன். லாரிக் கயிறு முறுக்குகிற மாதிரி இருக்கிறதாம். சொன்னாள். இரண்டு வருஷம் தம்பி, ஒருநாள் தவறாமல். பாதிச் சோற்றிலேயே வாயை மூடிக்கொள்வாள். நோயாளிக்குப் பசி இருக்காது. அதற்கு நான் என்ன செய்ய? இப்படி எவன் செய்வான்? இந்த பஸ்ஸில் கேட்டுப் பாருங்கள். முன் சீட்டில் தூங்குகிறானே, அவன் செய்வானா?

பங்குனியில் மகள் போன் பண்ணினாள். கடைக்கு மேலேயே மாடியில் குடி வந்துவிட்டார்களாம். இடம் தாராளமாம். அம்மா வந்து பத்து நாள் இருக்கட்டும் என்றாள். நான் போனை இவளிடம் கொடுத்தேன். பேசி முடித்துவிட்டு இவள் அட்டாலியைப் பார்த்தாள்.

"நான் போறனுங்க."

"எங்கெ?"

"எம் மகளூட்டுக்கு. ஆனா வெறுங்கையோட போக மாட்டேன். அந்தச் சாக்கை எறக்குங்க."

இறக்கினேன். எனக்கு ஒரு ரோசனை வந்தது. போர்வை முடிந்துவிட்டால் பார்சலில் போட்டுவிடலாம். லாரி ஆபீஸ் எனக்குத் தெரியாததா? போர்வை போய்விட்டால் இவள் போக வேண்டியதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

மறுநாள் சந்தைக்குப் போய்விட்டு வருகிறேன், கட்டிலில் போர்வையை விரித்து வைத்து, ஒரு ஓரத்தை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, இடது கையில் ஊசியை வைத்துக் குத்திக்கொண்டிருக்கிறாள். துணி நகர்கிறது. ஊசி எங்கேயோ போகிறது. விரலில் ரத்தம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ஏ புள்ளே, சீர்ச் சாமானை நொட்டாங்கையில தொடறியே. கொஞ்சமாச்சும் நெனப்பு இருக்குதா?"

"அந்தக் கை வர மாட்டேங்குதே, என்ன பண்ண?"

"நான் தெச்சுக் குடுக்கறேன். நகரு."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அப்போது நான் நின்று பார்க்கவில்லை. ஊசியை வாங்கிக்கொண்டேன்.

மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். என் விரலைப் பாருங்கள். இந்த விரலில் அந்த ஊசி நிற்குமா? அரிசி மாதிரித் தை என்கிறாள். எனக்குப் புளியங்கொட்டை மாதிரிதான் விழுகிறது.

"ஏனுங்க, இது தையலா வேலியா?"

"தையல்னா புடிக்கோணும்."

"இது போத்திக்கிற துணிங்க. இழுத்துக் கட்டற துணி இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்."

"அடியில லோடு ஏத்தப் போறீங்களா?"

இவளிடம் உட்கார்ந்து பாடம் கேட்க எனக்கு எழுபத்து மூன்று வயசு. நாலாம் நாள் போர்வையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். முதலாளி மகன் இருந்தான். உட்காருங்க என்றான். பெரிய மிஷின். கித்தான் துளைக்கிற ஊசி, நைலான் நூல். நெடுக்கே எட்டு வரி, குறுக்கே பன்னிரண்டு வரி. ஓரத்தை இரண்டாக மடித்து டபுள் தையல். மூலைக்கு மூலை பித்தளை வளையம் அடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். அடிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பதினாலு வருஷமாகக் கிடந்த வேலை, தம்பி. நாலு மணி நேரம்.

வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டேன். "இந்தா, பாரு" என்று இரண்டு முனையையும் பிடித்து ஓங்கி ஒரு உதறு உதறினேன். தார்ப்பாயை அப்படித்தான் உதறுவோம். தையல் நிற்கிறதா என்று தெரிய வேண்டுமே.

தையல் நின்றது. துணிதான் நிற்கவில்லை. ஊசி போட்ட ஓட்டை வரிசையோடு சர்ரென்று போனது. தபால் தலையைப் பிய்ப்பார்களே, அந்த மாதிரி. நடுவரி முழுசாக. மற்ற வரிகளில் அங்கங்கே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. என் கையில் பாதி, தரையில் பாதி.

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். கை போனபோதுகூட அழாதவள். இப்போதும் அழவில்லை. கீழே கிடந்த பாதியைக் காலால் மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள்.

"கையக் கொண்டு போனது எம் விதி. இதக் கொண்டு போனது நீங்க" என்றாள்.

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து தானாக என்னிடம் வாயைத் திறக்கவில்லை. பேசத் திறக்காதது சரி, அதைச் சமாளிக்கலாம். சோற்றுக்கும் திறக்கவில்லை.

பிசைந்து உருண்டை பிடித்து நீட்டுகிறேன். சுவரைப் பார்க்கிறாள்.

"பசிக்கலையா?"

"பசிக்குது."

"அப்பத் தின்னு."

"உங்க கையில வேண்டாங்க."

என்ன செய்யச் சொல்கிறீர்கள்? தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். நான் பார்க்காவிட்டால் எப்படியோ தின்றுகொள்ளட்டும், எந்தக் கையிலோ தின்றுகொள்ளட்டும் என்று நினைத்தேன். திரும்பி வந்தால் வைத்தது வைத்தபடி. இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். நான் போட்ட சட்டத்தை மீற மாட்டாளாம். இரண்டு வருஷமாக நான் சொன்னது எதையும் வாயாடாமல் கேட்டதில்லை, அன்றைக்குப் பார்த்துக் கேட்கிறாள்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து பிடித்ததில் மோர் ஒரு டம்ளர் இறங்கியது. மறுநாளும் மோர்தான். மூன்றாம் நாள் எழுந்து நடந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்றால் வரமாட்டேன் என்கிறாள். தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பு இல்லை.

போர்வையை எடுத்துக்கொண்டு ஊருக்குள் ஓடினேன். எங்கள் ஊரில் மூன்று டெய்லர். ஒருத்தன் விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். இன்னொருத்தன், "ஐயா, இது மேல மிஷின் ஓட்டினா மிச்சமும் போயிரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். மூன்றாவது ஆள் வயசானவர், கொஞ்சம் நிதானமானவர். "இது இத்துப்போன துணிங்க. இதத் தொடறதுக்கு மெல்லிசு வேலை தெரிஞ்ச கை வேணும். பட்டு ஜாக்கெட்டு, நெட்டுத் துணியெல்லாம் தெக்கிறவங்க யாராச்சும் உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியும் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். எனக்கு நம்பர் போடத் தெரியாது என்று இல்லை. போட்டதில்லை, அவ்வளவுதான். மகள் எடுப்பாள் என்று பார்த்தால் அவன் எடுத்தான்.

"மாமா?" என்றான். குரல் எப்படித் தெரிந்ததோ.

"சாப்பிட மாட்டேங்கறா. போர்வை கிழிஞ்சுபோச்சு" என்றேன். வேறு எப்படிச் சொல்ல?

"ரெண்டையும் கூட்டிக்கிட்டு வாங்க மாமா" என்றான்.

"ரெண்டையுமா?"

"அத்தையையும் போர்வையையும்தான்."

போகலாமா என்று இவளிடம் கேட்டேன். எழுந்து போய்ச் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

இந்த ரோட்டில்தான் ஏறினோம். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தப் பக்கத்து ஜன்னலில்தான் உட்கார்ந்து வந்தாள், எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு. நான் போர்வைச் சாக்கை மடியில் வைத்திருந்தேன். பின் சீட்டுக்காரர், "பெரியவங்க கோவில் பயணமா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

அவன் கடை பஸ் நின்ற இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. எங்களைப் பார்த்ததும் வாயிலிருந்த குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்று இறங்கி வந்தான். நான் சாக்கை நீட்டினேன். மகள் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவள் அம்மாவின் கன்னத்தைப் பார்த்தாள். ஒட்டிப் போயிருந்தது.

மேலே போனதும் தட்டு வைத்தாள். ரசம் சோறு. ஒரு ஸ்பூனை எடுத்து அம்மாவின் இடது கையில் வைத்து விரலை மடக்கிவிட்டாள். நான், "கண்ணு, அந்தக் கை" என்று ஆரம்பித்தேன்.

"அப்பா, நீங்க சித்தெ சும்மா இருங்க."

என் மகள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. முதல் வாய் பாதி நெஞ்சில் சிந்தியது. துடைக்கப் போனேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வாய் உள்ளே போனது. மூன்றாவது போனது. நாலாவதில் இவளுக்குக் கண்ணில் தண்ணீர். காரமாக இருந்திருக்கும். தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் போடு சாமி" என்றாள். என்னிடம் ஒருநாளும் இரண்டாம் தரம் வாங்கியதில்லை. மலைக் காற்றுக்குப் பசி எடுக்கும், சொல்வார்கள்.

"ரெண்டு வருசமா அம்மாவுக்கு ஒரு கைதான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இன்னொண்ண நீங்க புடுங்கி வெச்சிருந்திருக்கீங்க" என்றாள் மகள்.

பாருங்கள் பேச்சை. ஊட்டினவன் நான். குளிப்பாட்டினவன் நான். அதை ஒருத்தர் எடுத்துச் சொல்லவில்லை. ஸ்பூன் கொடுத்தவள் பெரிய ஆளாகிவிட்டாள். விடுங்கள்.

அவன் என் தையலைப் பிரிக்க உட்கார்ந்தான். மூன்று நாள். வாடிக்கை வேலையெல்லாம் கடைப் பெண்களிடம் கொடுத்துவிட்டு, மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, சின்னப் பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்து, நூலைச் சாமணத்தால் பிடித்து இழுத்தான். துணியில் ஒரு இழை கூடுதலாகப் போகவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு தரம், "நல்ல நூலு மாமா, அறவே மாட்டேங்குது" என்றான். மெச்சினானா, குத்தினானா, தெரியவில்லை.

பிரித்து முடித்தான். சரி, இனி இவன் தைத்துவிடுவான், நாலு நாளில் ஊர் போய்ச் சேரலாம் என்று நினைத்தேன். அவன் என்ன செய்தான் என்றால், மாடியில் ஒரு மரச் சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஜாக்கெட்டில் மணி, ஜரிகை வைத்து ஆரி வேலை செய்கிறார்களே, அதற்கு வைத்திருக்கிறது. கட்டில் மாதிரி நாலு கால். போர்வையின் இரண்டு பாதியையும் லேசாக நூலோட்டிச் சேர்த்து, அதில் விரித்து, நாலு பக்கமும் நாடா போட்டு இழுத்துக் கட்டினான். தார்ப்பாய் கட்டுகிற மாதிரியேதான், ஆனால் துணிக்கு வலிக்காமல். தட்டினால் தப்பு மேளம் மாதிரிச் சத்தம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு, "உக்காருங்க அத்தை" என்றான்.

"நானா மாப்ளே?"

"துணி இனி நகராது. புடிச்சுக்க இன்னொரு கை வேண்டியதில்ல. மேல குத்துங்க, அடியில போயி வாங்குங்க, திருப்பிக் குத்துங்க. ஒரே கை போதும்."

"நீயே தெச்சுடு" என்றேன் நான்.

"நான் தெச்சா கடை வேலையாப் போயிரும் மாமா. அத்தை வேலைய நான் எப்படித் தெக்க?"

இவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். அப்புறம் மடக்கிக்கொண்டாள். "நொட்டாங்கைங்க மாப்ளே. சீருக்கு ஆகாது" என்றாள். கேட்டீர்களா? நான் மட்டும் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும். எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஒம்பது வருசமா அந்த வீட்டுல இருந்து சோத்தாங்கைச் சீரு ஒண்ணும் எனக்கு வரலையேம்மா. நொட்டாங்கைச் சீராச்சும் வரட்டும்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டம். நான் பால் வாங்க வேண்டும் என்று சொல்லி இறங்கிப் போய்விட்டேன். பால் ஏற்கெனவே வாங்கியாயிற்று.

திரும்பி வரும்போது ஊசி கையில் இருந்தது.

சும்மா வந்துவிடவில்லை தம்பி. முதல் நாள் முழுக்க ஒரு விரற்கடை. அதுவும் கோழி கிளறின மாதிரி. மறுநாள் அதைத் தானே பிரித்தாள். மூன்றாம் நாள் ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மகள் பேசிப் பார்த்தாள், அவன் பேசிப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தரையில் தவழ்ந்து ஊசியைத் தேடினேன். கண் தெரியவில்லை, முழங்கால் வலி வேறு. கட்டில் காலுக்கடியில் உள்ளங்கையில் குத்தித்தான் கிடைத்தது. கொண்டுபோய் அவள் தலைமாட்டில் வைத்தேன். அவள் திரும்பிப் பார்த்து, "ரத்தம் வருது, தொடைங்க" என்றாள். கிழிந்த நாளுக்கப்புறம் தானாக என்னிடம் பேசியது அதுதான் முதல்.

பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

கிழிந்த வாய்களை மூடத் துணி வேண்டியிருந்தது. கடையில் புதுத்துணி மூட்டையாகக் கிடக்கிறது, அதெல்லாம் முரடாம். பழசுதான் வேண்டுமாம். என் இடுப்பைப் பார்த்தாள்.

"அந்த வேட்டி எத்தன வருசம் ஆச்சுங்க?"

"கட்டியிருக்கறேன் புள்ளே."

"அவுத்துக் குடுங்க. மாப்ளெ லுங்கி இருக்குது."

கொடுத்தேன். அந்த ரவிக்கைக்காரனின் லுங்கியைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் கோத்தகிரி பஜாரில் நடந்தேன். பூப்போட்டது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

முப்பத்தாறு நாள். காலையில் வெயில் ஜன்னலுக்கு வந்ததும் உட்காருவாள். மேலே குத்துவாள், அதே கையைச் சட்டத்துக்கு அடியில் கொண்டுபோய் இழுப்பாள், அடியிலிருந்து குத்துவாள், மேலே வந்து இழுப்பாள். ஒரு தையலுக்கு நாலு பயணம். எனக்குப் பார்க்கப் பார்க்கக் கை பரபரக்கும். பிடுங்கி நாலு இழுப்பு இழுத்துவிடலாம் போல இருக்கும். அதனால் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுங்கள் என்பாள், எனக்குக் கண் தெரியாது. அளவு கொடுக்க வந்த எவளோ கோத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். தண்ணீர் கொண்டு வந்தால் அவளே டம்ளரை எடுத்துக்கொள்கிறாள். தலை மகள் வாரிவிடுகிறாள், கயிறு மாதிரி இல்லை. எனக்கு அந்த வீட்டில் வேலை இல்லை தம்பி. மூன்று வேளையும் யாராவது கூப்பிட்டால் போய்ச் சாப்பிடுவேன். அவ்வளவுதான் நான்.

இருபது நாளுக்கு மேல் தையல் சின்னதாக விழ ஆரம்பித்தது. அரிசி இல்லை, நெல் என்று சொல்லலாம். கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. பழைய வேலை எங்கே முடிந்தது, புதுசு எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியும். அது தெரியட்டும் என்றாள்.

முந்தாநாள் மத்தியானம் கடைசி மூலை. முடிச்சுப் போட வேண்டும். ஒற்றைக் கையால் எப்படிப் போடுவாள்? நான் எழுந்து குனிந்தேன். அதற்குள் அவள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, விரலில் சுற்றி, வளையத்துக்குள் விட்டு, இழுத்து, கடித்தே அறுத்துவிட்டாள். நான் குனிந்தவன் அப்படியே நின்றேன். நிமிர நேரமாயிற்று. இடுப்பு.

நாடாவை அவிழ்த்தார்கள். யாரும் உதறவில்லை. மகள் அதை அப்படியே எடுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். ரொம்ப நேரம் திரும்பவில்லை.

நேற்று இவளிடம் மெல்லக் கேட்டேன், ஊருக்குக் கிளம்பலாமா என்று.

"நீங்க போங்க. பொட்டியில இன்னும் ஏழு சேல கெடக்குது. எடுத்துட்டு வாங்க. மாப்ளைக்கும் ஒண்ணு போடோணும்."

"நான் ஒண்டியாவா போறது?"

"பின்ன, பார்சல்ல போட்டா வரும்?"

யார் சொன்னார்கள் அவளிடம்? நான் வாயைத் திறந்து சொன்னதே இல்லை. நாற்பத்தாறு வருஷம் கூடவே இருந்தால் இப்படித்தான், நினைப்பதற்குக்கூட இடம் இருக்காது. அதனால்தான் போய்க்கொண்டிருக்கிறேன். போய்ச் சமைக்க வேண்டும். எனக்கு மட்டும் பிசைந்து நான் மட்டும் தின்ன வேண்டும். திரும்பி வருவேன். ஏழு சேலை. கனமா என்ன.

அதோ பாக்குத் தோப்பு தெரிகிறது. வந்துவிட்டோம். என்ன கேட்டீர்கள்? மாப்பிள்ளை கெட்டிக்காரர், அவர்தான் சரி செய்தார் என்கிறீர்களா? கோத்தகிரி வீதியிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். சட்டம் அவன் கட்டினது. இல்லை என்று சொல்லவில்லை. பிரித்ததும் அவன்தான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த துணி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் குத்துவார்கள், யார் தைத்தது என்று. குறை வந்தால் யாரைக் கேட்பது, அதற்காக. மகள் போர்வையை மடித்து வைத்துவிட்டுச் சீட்டையும் பேனாவையும் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "நீங்க எழுதுங்கப்பா" என்றாள். நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன், அதற்காக இருக்கும்.

பேனா பிடித்து வருஷக் கணக்காகிறது. அதைவிட, பேர். நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏ புள்ளே என்பேன், இந்தா என்பேன். ஆஸ்பத்திரியில் பேர் கேட்டபோதுகூட மகள்தான் சொன்னாள். வீட்டுக்காரி சட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் எழுத்தே கோணிக்கொண்டது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். சத்தமாகப் படிங்கப்பா என்றாள் மகள். படித்தேன்.

தைத்தது, பாவாயி.